ஆறெழுத்து இடைவெளி

ஆர்.என்.ஏ.வோடு வேலை செய்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதலில் தங்கள் கையைப் பற்றித்தான் சொல்வார்கள். நம் தோலின் மேலேயே ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. அந்த இனத்து நொதிகளில் சிலவற்றைக் கொதிக்க வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆறியதும் பழையபடி மடிந்து வேலையைத் தொடங்கிவிடும். அதனால் கண்ணாடிக் குடுவைகளை 180 டிகிரி அடுப்பில் வறுத்தெடுப்போம். தண்ணீரில் டி.இ.பி.சி. என்ற வேதிப்பொருளைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, காலையில் ஆட்டோகிளேவில் ஏற்றுவோம். தனிப் பிப்பெட், தனி டிப் பெட்டி, மேசையில் தனி மூலை. கையுறை போடாமல் அந்த மூலைப் பக்கம் போகக் கூடாது என்பதுதான் ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் மூன்று முறை எனக்கு ஆர்.என்.ஏ. கிடைக்கவில்லை. ஜெல்லில் இரண்டு பட்டைகள் பளிச்சென்று நிற்க வேண்டும். எனக்கோ ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு மங்கல் தீற்றல்தான். நான்காவது முறை புற ஊதா வெளிச்சத்தில் இரண்டு பட்டைகளும் ஆரஞ்சு நிறத்தில் எழுந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது. ஆர்.என்.ஏ. அறுபடுவது என்றால் அழிவு, அதில் ஒழுங்கு எதுவும் கிடையாது என்ற எண்ணம் அப்போது மனதில் ஊன்றியதுதான். பிறகு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திய காலம் முழுவதும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது 2009 நவம்பரில் 'செல்' இதழில் வந்த ஒரு கட்டுரை. ஆர்.என்.ஏ.வை அளந்து, குறித்த இடத்தில், குறித்த எழுத்துக்குப் பக்கத்தில் வெட்டும் ஒரு கருவி நுண்ணுயிரிகளிடம் இருக்கிறது என்று அது காட்டியது. இன்று கிரிஸ்பர் என்றதும் எல்லாரும் டி.என்.ஏ. கத்தரிக்கோலையும் 2020ஆம் ஆண்டு நோபல் பரிசையும் நினைக்கிறார்கள். அந்த வரலாறு நன்றாகவே எழுதப்பட்டுவிட்டது. அதே காலத்தில், அதே குடும்பத்தில், ஆர்.என்.ஏ.வை வெட்டும் கிளையைப் பற்றி நடந்த நீண்ட விசாரணை அந்த அளவுக்குச் சொல்லப்படவில்லை. என் கணக்கில் அதுதான் இரண்டில் ஆழமான கதை.

தொடக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். 1987இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் இஷினோவும் நகாட்டாவும் அவர்களுடன் இருந்தவர்களும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு மரபணுவைப் படிக்கப் போய், அதன் அருகே 29 எழுத்துகள் கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதையும், நடுவில் 32 எழுத்து இடைவெளி இருப்பதையும் கண்டார்கள். ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளங்களில் வாழும் நுண்ணுயிரில் இதே மாதிரியான தொடர்களைக் கண்ட பிரான்சிஸ்கோ மொஹிக்கா, அந்த இடைவெளிகளில் இருப்பவை வைரஸ்களின் துணுக்குகள் என்பதை 2003இல் கண்டுகொண்டார். பல இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு, 2005இல்தான் அந்தக் கட்டுரை அச்சேறியது. 2007இல் யோகர்ட் தயாரிக்கும் பாக்டீரியாவைக் கொண்டு, இது வைரஸ்களுக்கு எதிரான நோயெதிர்ப்பு என்று டானிஸ்கோ நிறுவனத்தைச் சேர்ந்த பாராங்கூவும் ஹோர்வாத்தும் சகாக்களும் மெய்ப்பித்தார்கள். தாக்கிய எதிரியின் ஒரு துண்டைக் கிழித்து ஏட்டில் ஒட்டி வைத்து, அடுத்த முறை அதைப் பார்த்து அடையாளம் காண்கிறது பாக்டீரியா. அந்த ஏடுதான் கிரிஸ்பர். அடையாளம் கண்டபின் எதை வெட்டுகிறது? டி.என்.ஏ.வையா, ஆர்.என்.ஏ.வையா? என் கதை இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

இதற்குக் கொஞ்சம் முன்பே, 2002இல், அமெரிக்காவின் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையத்தில் கிரா மக்கரோவா, யூஜின் கூனின் உள்ளிட்ட குழு கணினியில் மரபணு வரிசைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெந்நீரில் வாழும் ஆர்க்கியாக்களிடமும் பாக்டீரியாக்களிடமும் ஒரு மரபணுக் கூட்டம் பக்கத்துப் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. அவற்றில் ஒரு புரதத்துக்கு, டி.என்.ஏ.வைக் கோக்கும் பாலிமரேஸ் நொதியின் உள்ளங்கை போன்ற பகுதி இருந்தது. கொதிநிலையில் டி.என்.ஏ. அடிக்கடி சேதமாகும், ஆகவே இது அந்த வெப்பவாசிகளின் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் அமைப்பாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அனுமானம் தவறு. ஆனால் அந்த உள்ளங்கையைச் சரியாகத்தான் பார்த்திருந்தார்கள். அது எதற்கு என்று தெரிய இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

2008க்கு வருவோம். சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் சோன்டைமரின் கூடத்தில் லூசியானோ மராஃபினி வேலை செய்துகொண்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், நம் எல்லார் தோலிலும் குடியிருக்கும் பாக்டீரியா. அதன் ஏட்டில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கு, மருந்தெதிர்ப்பைச் சுமந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட் ஒன்றின் மரபணுவோடு பொருந்தியது. அந்தப் பிளாஸ்மிட் உள்ளே வரப் பார்த்தால் பாக்டீரியா தடுத்துவிடும். தடுப்பது டி.என்.ஏ.வை வெட்டியா, அதிலிருந்து எழுதப்படும் ஆர்.என்.ஏ.வை வெட்டியா என்று கண்டுபிடிக்க மராஃபினி செய்த சோதனை, நான் படித்தவற்றுள் மிக அழகான சோதனைகளில் ஒன்று.

குறிவைக்கப்படும் வரியின் நடுவே ஓர் இன்ட்ரானைச் செருகினார். இன்ட்ரான் என்பது ஆர்.என்.ஏ.வாக எழுதப்பட்ட பின் தன்னைத் தானே கத்தரித்துக்கொண்டு வெளியேறி, இரு பக்கத்தையும் ஒட்ட வைத்துவிடும் ஒரு துண்டு. இப்போது டி.என்.ஏ.வில் அந்த வரி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. முழுமையடைந்த ஆர்.என்.ஏ.விலோ வரி பழையபடி சேர்ந்து இருக்கிறது. பாக்டீரியா ஆர்.என்.ஏ.வைப் பார்ப்பதானால் இப்போதும் தடுக்க வேண்டும். டி.என்.ஏ.வைப் பார்ப்பதானால் அடையாளம் தெரியாமல் விட்டுவிட வேண்டும். பிளாஸ்மிட் தடையின்றி உள்ளே போயிற்று. கிரிஸ்பர் டி.என்.ஏ.வைத்தான் குறிவைக்கிறது என்று 2008 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்.

ஓராண்டு கூட ஆகவில்லை, நேர்மாறான விடை வந்தது. அது பிறந்த இடம் கொஞ்சம் விசித்திரமானது.

சிசிலிக்கு வடக்கே வுல்கானோ என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. எரிமலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பிறந்ததே அந்தப் பெயரிலிருந்துதான். அங்கே கரையோரத்தில், கடலுக்கடியிலுள்ள மணலே கொதிக்கக் கொதிக்க இருக்கும். அந்த மணலிலிருந்து ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஸ்டெட்டரும் கெர்ஹார்ட் ஃபியாலாவும் ஓர் ஆர்க்கியாவைப் பிரித்தெடுத்து 1986இல் விவரித்தார்கள். உருண்டையான உடல், ஒரு பக்கம் கற்றையாகச் சவுக்குகள். 100 டிகிரி வெப்பத்தில்தான் அதற்கு மிக நன்றாக வளர வரும். அந்தக் கொதியில் 37 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் என்று பெயரிட்டார்கள், சீறிப் பாயும் நெருப்புருண்டை என்று பொருள்பட.

இந்த உயிரியை எடுத்துக்கொண்டவர்கள் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டெர்ன்ஸ், ரெபேக்கா டெர்ன்ஸ் இருவரின் கூடத்தினர். அவர்கள் கிரிஸ்பர் பக்கமிருந்து வரவில்லை. செல்லுக்குள் வழிகாட்டியாக வேலை செய்யும் குட்டி ஆர்.என்.ஏ.க்களைப் பல ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள். ஆர்.என்.ஏ. பிடித்துப் பழகிய கை என்று நான் இதைச் சொல்வேன். கேரின் ஹேலும் உடன் இருந்தவர்களும் நெருப்புருண்டையின் செல்களை உடைத்து, சாற்றைப் பத்தி பத்தியாகப் பிரித்து, கிரிஸ்பர் ஏட்டிலிருந்து எழுதப்பட்டு எதிரியை அடையாளம் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. எந்தப் பங்கில் வருகிறது என்று தொடர்ந்து போனார்கள். ஓரிடத்தில் அது புரதங்களோடு கட்டுண்டு கிடந்தது. சி.எம்.ஆர். என்று பெயரிடப்பட்ட புரதங்கள். 2002இல் மக்கரோவா பார்த்த அதே கூட்டம்.

கதிரியக்க பாஸ்பரஸ் ஏற்றிய ஆர்.என்.ஏ.வை அதனிடம் கொடுத்தார்கள். வெட்டியது. டி.என்.ஏ.வைக் கொடுத்தார்கள். தொடவில்லை.

வழிகாட்டிகள் இரண்டு நீளத்தில் இருந்தன, 45 எழுத்து ஒன்று, 39 எழுத்து ஒன்று. இரண்டிலும் முதல் எட்டு எழுத்துகள் ஒரே மாதிரி. மீண்டும் மீண்டும் வரும் அந்தத் தொடரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை. மீதிதான் எதிரியின் அடையாளம். வெட்டு எங்கே விழுந்தது என்று எண்ணினால், வழிகாட்டியின் கடைசி முனையிலிருந்து 14 எழுத்து தள்ளி. நீள வழிகாட்டி ஓரிடத்தில் வெட்டியது, குட்டை வழிகாட்டி இன்னோரிடத்தில். அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. என் ஜெல்லில் தீற்றலாகக் கரைந்துபோன அதே பொருள், இங்கே கோடு போட்டாற்போல் இரண்டு பட்டைகளாக நின்றது. இரண்டுக்கும் இடையே ஆறெழுத்து இடைவெளி. அந்த ஆறு தற்செயல் அல்ல என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

2011இல் கிரிஸ்பர் அமைப்புகளை வகை பிரித்தபோது ஒரு சங்கடம் எழுந்தது. ஜார்ஜியாவின் சி.எம்.ஆர்., சிகாகோக்காரர்களின் தோல் பாக்டீரியாவில் இருந்த சி.எஸ்.எம்., இரண்டும் அண்ணன் தம்பி போல ஒரே மூன்றாம் வகைக்குள் வந்து விழுந்தன. உள்ளங்கை வைத்த அந்தப் பெரிய புரதம் இரண்டிலும் இருந்தது. அதற்கு கேஸ்10 என்று பெயரும் கிடைத்தது. ஒரே அமைப்பைச் சேர்ந்த இரண்டில் ஒன்று டி.என்.ஏ. பக்கம், மற்றது ஆர்.என்.ஏ. பக்கம் என்றால் எப்படி? யாரோ ஒருவர் தவறாகச் செய்துவிட்டார் என்று எண்ணத் தோன்றும் இடம் இது. இரண்டு சோதனைகளிலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

2014இல் முடிச்சு அவிழத் தொடங்கியது. லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் விர்ஜினியஸ் ஷிக்ஷ்னிஸின் கூடத்தில், டமுலைட்டிஸும் சகாக்களும் யோகர்ட் பாக்டீரியாவின் சி.எஸ்.எம். கூட்டைத் தனியே எடுத்துச் சோதித்தார்கள். தோல் பாக்டீரியாவில் இருப்பதன் உறவு அது. அதுவும் ஆர்.என்.ஏ.வை வெட்டியது, ஒரு வெட்டு இல்லை, பல வெட்டு, ஒவ்வொன்றும் ஆறெழுத்து தள்ளி. ஆர்.என்.ஏ.வையே மரபுப் பொருளாகக் கொண்ட எம்.எஸ்.2 என்ற வைரஸ் ஈ.கோலைக்குள் பெருகுவதையும் அது மட்டுப்படுத்தியது.

ஏன் ஆறு என்பதை 2015இல் வெளியான உருவப் படங்கள் காட்டின. வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒரு முதுகெலும்பு போல நீண்டு கிடக்கிறது. அதன்மேல் ஒரே புரதத்தின் பல பிரதிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பிரதியும் ஒரு கட்டைவிரலை நீட்டி, ஆறாவது எழுத்தை இணையவிடாமல் வெளியே தள்ளுகிறது. ஐந்து எழுத்து ஜோடி சேரும், ஆறாவது விலகும். மறுபடி ஐந்து, மறுபடி ஒன்று. எதிரியின் ஆர்.என்.ஏ. வந்து பொருந்தும்போது அதுவும் அதே இடங்களில் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. வளைந்த இடத்துக்கு நேராக ஓர் அஸ்பார்டிக் அமிலம் காத்திருக்கிறது. அங்கே வெட்டு விழுகிறது. மல்லிகைச் சரம் தொடுக்கும்போது கண்ணி கண்ணியாக நூலை இழுத்து முடிச்சுப் போடுவார்களே, அந்தச் சீர். 45க்கும் 39க்கும் நடுவே இருந்த ஆறு, ஒரு புரதம் உட்காரும் அகலம்.

சரி, டி.என்.ஏ.? மராஃபினி அதற்குள் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் தன் கூடத்தை அமைத்திருந்தார். 2014இல் அவர் குழு கண்டது: குறிவைத்த டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. எழுதப்பட்டால்தான் தாக்குதல் நடக்கிறது. வைரஸ் பாக்டீரியாவின் மரபுத்தொடருக்குள் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டு உறங்கினால் அதை விட்டுவைக்கிறது. எழுந்து பெருகத் தொடங்கினால் தாக்குகிறது. 2015இல் அதே குழு ஒரே கூட்டு இரண்டையும் வெட்டுவதைக் காட்டியது. முதுகெலும்பில் உட்கார்ந்த புரதம் ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது, கேஸ்10 டி.என்.ஏ.வை வெட்டுகிறது. அடுத்த ஆண்டு, எதிரியின் ஆர்.என்.ஏ. வந்து பொருந்துவதே கேஸ்10ஐ எழுப்புகிறது என்று வேறு குழுக்களும் சொல்லின.

ஆக, அடையாளம் காண்பது ஆர்.என்.ஏ.வை வைத்து. டி.என்.ஏ. வெட்டுப்படுவது அதன் விளைவு. ஆர்.என்.ஏ. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் இடத்திலேயே, இழை இன்னும் தாய்த் தொடரோடு சேர்ந்திருக்கும்போதே, இந்தக் கூட்டு அதைப் பிடிக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சோதனையை இந்த வெளிச்சத்தில் நான் திரும்பப் படித்தேன். எழுதப்படும் அந்த நொடியில் இன்ட்ரான் இன்னும் உள்ளேதானே இருக்கும்? வெளியேறி வரி ஒட்டிக்கொள்வது பிறகுதான். பாக்டீரியா பார்க்கும் வேளையில் வரி பிளந்தே கிடந்திருக்கிறது என்பது என் வாசிப்பு. சிகாகோவில் பார்த்ததும் சரி, ஜார்ஜியாவில் பார்த்ததும் சரி.

தன் ஏட்டையே எதிரியாக நினைத்து வெட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன ஏற்பாடு? அந்த எட்டு எழுத்துதான். வந்து பொருந்தும் இழை, அடையாள வரியைத் தாண்டி அந்த எட்டெழுத்து வாலோடும் ஜோடி சேர்ந்தால் அது சொந்த ஏட்டிலிருந்து வந்தது, கேஸ்10 அசையாது. வால் பொருந்தாமல் தொங்கினால் அந்நியம். மராஃபினியும் சோன்டைமரும் 2010லேயே இந்த விதியைக் கண்டிருந்தார்கள். டி.என்.ஏ. கத்தரிக்கோலான பேர்போன கேஸ்9, குறிக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறியீட்டைத் தேடும். வைரஸ் அந்தக் குறியீட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலே தப்பிவிடலாம். மூன்றாம் வகையிடம் அப்படி ஓர் எழுத்து மாற்றத்தில் தப்புவது கடினம்.

உள்ளங்கை இன்னும் பாக்கி. 2017இல் வில்னியஸ் குழுவும், சூரிச்சில் மார்ட்டின் யீனெக்கின் குழுவும் தனித்தனியே அதைத் திறந்தன. எதிரியின் ஆர்.என்.ஏ. பொருந்தியதும் கேஸ்10இன் அந்த உள்ளங்கை ஏ.டி.பி. மூலக்கூறுகளை எடுத்து, நான்கு அல்லது ஆறு அடினைன்களை ஒரு வளையமாகக் கோக்கிறது. அந்த வளையங்கள் செல் முழுவதும் பரவி, தூரத்தில் சும்மா கிடக்கும் சி.எஸ்.எம்.6 என்ற நொதியை எழுப்புகின்றன. அது எழுந்தால் சொந்தம் அந்நியம் பார்க்காது, கிடைத்த ஆர்.என்.ஏ.வையெல்லாம் அறுக்கும். ஊரில் தீப்பிடித்தால் கோயில் மணி அடிப்பதைப் போல. மக்கரோவாவும் கூனினும் பாலிமரேஸ் என்று கணித்தது வீண்போகவில்லை. உள்ளங்கை கோக்கத்தான் செய்கிறது.

மணி அடித்தால் நிறுத்தவும் வேண்டும். மால்கம் வைட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கூடம், ஓர் இலக்கு ஆர்.என்.ஏ. சுமார் ஆயிரம் வளையங்களை உண்டாக்க வைப்பதைக் கணக்கிட்டது. இலக்கு வெட்டுண்டு விலகியதும் கோப்பது நிற்கிறது. ஆறெழுத்துக்கு ஒரு வெட்டு என்ற அந்தச் சீரான வேலையின் இன்னொரு பயன் இது; எச்சரிக்கையை அணைப்பது. மிச்சமான வளையங்களை உடைக்கத் தனி நொதிகள் இருப்பதையும் அவர்கள் 2018இல் கண்டார்கள். வைரஸ்களும் வளையம் உடைக்கும் நொதி வைத்திருக்கின்றன என்பது 2020இல் தெரியவந்தது.

நம் உடலிலும் இதை ஒத்த ஒன்று உண்டு. வைரஸ் நுழைந்தால் நம் செல்கள் அடினைன்களைச் சங்கிலியாகக் கோத்து, அதைக் கொண்டு ஆர்.என்.ஏ. அறுக்கும் நொதியை எழுப்புகின்றன. லண்டனில் இயன் கெர் குழு 1970களில் கண்டது அது. வளையமில்லை, சங்கிலி, பிணைப்பும் வேறு. ஆனால் உத்தி ஒன்றுதான்.

ஆர்.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் புரதங்களில் இன்னொன்றான கேஸ்13 பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல புரதங்கள் சேர்ந்து செய்யும் வேலையை ஒரே புரதமாகச் செய்வது அது. 2015இல் கணினித் தேடலில் அகப்பட்டு, 2016இல் ஆர்.என்.ஏ. வெட்டி என்று மெய்ப்பிக்கப்பட்டது. இலக்கைக் கண்டதும் பக்கத்திலிருக்கும் ஆர்.என்.ஏ.வையும் அறுக்கும் அதன் குணத்தை நோய் கண்டறியும் சோதனையாக்கினார்கள். 2020 மே மாதம் அமெரிக்காவில் கோவிட் சோதனைக்கு அவசர அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் கருவி அதை வைத்துச் செய்ததுதான்.

கல்லூரிகளில் நுண்ணுயிரியல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரிஸ்பர் பாடத்தைக் கேஸ்9 கத்தரிக்கோலோடு முடித்துவிடாதீர்கள். 2008ஆம் ஆண்டுக் கட்டுரையையும் 2009ஆம் ஆண்டுக் கட்டுரையையும் ஒரே நாளில் பிள்ளைகள் கையில் கொடுங்கள். இன்ட்ரான் சோதனையைப் பலகையில் அவர்களையே வரையச் சொல்லுங்கள். இரண்டில் எது சரி என்று அவர்கள் கேட்பார்கள். அடுத்த வகுப்பு வரை சொல்லாதீர்கள்.